யாரும் முந்திப் படிக்கக் கூடாது

நொரீன் வீட்டில் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான். பாத்திரம் கழுவாமல் கிடக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். படுக்கை கலைந்தே இருக்கலாம். பின்னக் கணக்கை இன்றைக்குப் போட முடியாவிட்டால் நாளைக்குப் போடலாம். நாளைக்கும் மனம் வரவில்லையென்றால் கோழித் தீவனத்தை அளந்து கொட்டிவிட்டு அதையே கணக்குப் பாடம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் குளிர்காலப் புத்தகத்தை மட்டும் யாரும் முந்திப் படிக்கக் கூடாது. ஒரு வரிகூட. அடுத்த அத்தியாயத்தின் தலைப்பை எட்டிப் பார்ப்பதும் குற்றம்தான்.

சட்டத்துக்குக் காரணம் அவள் கணவன் ரோமன். ஏரியில் ஓடும், இரும்புத் தாது ஏற்றும் கப்பலில் இயந்திர அறை வேலை அவனுக்கு. மார்ச் கடைசியில் பனி உடைந்ததும் போவான். ஜனவரி நடுவில் ஏரிகளுக்கு நடுவிலுள்ள மதகுகளை மூடிக் கப்பல்களைக் கட்டிப்போட்ட பிறகுதான் வீடு திரும்புவான். இடையில் கிடைக்கிற விடுப்பெல்லாம் கூரை ஒழுகலுக்கும் பல் வைத்தியருக்கும் சரியாகப் போய்விடும். ஆக, இந்தக் குடும்பத்துக்கு அப்பா என்பவர் பனிக்காலத்துப் பண்டம்.

மூத்தவள் பெர்னடெட் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நொரீன் அந்தக் கூத்தைப் பார்த்தாள். வருஷமெல்லாம் வீட்டில் இல்லாத மனுஷன் இப்போது நாள் முழுக்க வீட்டில் இருக்கிறான். பெண்ணோ பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. மூன்று மணியிலிருந்து ஜன்னலை விட்டு நகராமல் மஞ்சள் பஸ்ஸை எதிர்பார்த்து அவன் உட்கார்ந்திருப்பதை ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்தாள். அடுத்த வருஷம் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள். "இனிமே நானே சொல்லித் தரேன். ஏப்ரல்ல ஆரம்பிச்சு கிறிஸ்துமஸ் வரைக்கும் பாடம். அப்பா வந்ததும் லீவு."

ஊர் சும்மா இருக்குமா? ஏதோ புது மதத்தில் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். உலகம் அழியப்போகிறது என்று நிலவறையில் பீன்ஸ் டப்பா அடுக்குகிறாள் என்றார்கள். பீன்ஸ் அடுக்கியது உண்மை, ஆனால் அது தோட்டத்து பீன்ஸ், ஊரில் எல்லோரும் அடுக்குவதுதான். ஊர்ப் பிள்ளைகள் ஜூலையில் ஏரிக்கரை மணலில் புரளும்போது இவள் பிள்ளைகள் மத்தியானம்வரை இலக்கணம் படிக்கும். ஊர்ப் பிள்ளைகள் பிப்ரவரியில் பஸ்ஸுக்காக விறைத்துக்கொண்டு நிற்கும்போது இவள் பிள்ளைகள் அப்பாவோடு ஏரிப் பனியில் துளை போட்டு, மீன் அகப்படும்வரை உட்கார்ந்திருக்கும். அகப்படாமல் வந்த நாள்கள்தான் அதிகம்.

குளிர்காலத்துக்கென்று ஒரு பெரிய புத்தகம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நொரீன் உரக்கப் படிப்பாள். முதுகுவலிக்காரன் ரோமன் கம்பளத்தில் மல்லாந்து படுத்து, கையை மடக்கிக் கண்ணை மூடிக்கொள்வான். தூங்கிவிட்டான் என்று நினைத்து நிறுத்தினால், கடைசியாகக் கேட்ட வரியை அப்படியே திருப்பிச் சொல்வான். மார்ச்சில் கப்பலிலிருந்து அழைப்பு வரும்போது புத்தகம் முடியவில்லையா, அப்படியே நாடாவை வைத்து மூடி அடுப்புக்கு மேல் அலமாரியில் ஏற்றிவிடுவாள். அடுத்த ஜனவரிக்குத்தான் இறக்க வேண்டும். அவன் இல்லாமல் ஒரு பக்கம்கூடத் திரும்பக் கூடாது.

புத்தகம் தேர்ந்தெடுப்பதில் நொரீனைப் போல் கெடுபிடிக்காரி இந்த மாகாணத்திலேயே கிடையாது. வீட்டிலேயே பாடம் சொல்லித் தரும் அம்மாக்கள் அக்டோபரில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடிப் பழைய புத்தகங்களை மாற்றிக்கொள்வார்கள். அங்கே போனால் இவளுக்கு ரத்தம் கொதிக்கும். ஒருத்தி புத்தகத்தின் பின்னட்டையை மோந்து பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு, "இதுல பொய் சொல்றவங்க யாராவது வராங்களா?" என்று கேட்பாள். இன்னொருத்தி, "இதுல என்ன நீதி இருக்கு?" என்பாள். மருந்தைப் பழக்கூழில் வைத்து ஊட்டுகிற மாதிரி நீதியைக் கதைக்குள் வைத்து ஊட்டும் புத்தகங்களை நொரீன் தொடக்கூட மாட்டாள். அவள் கேட்பது ஒன்றுதான். உரக்கப் படிக்கும்போது எனக்கே அலுக்காமல் இருக்குமா? குழந்தைக்காக எழுதிய புத்தகம் என்றால் பெரியவர்களுக்குக் கொட்டாவி வர வேண்டும் என்று எவன் சொன்னான்?

இது வீட்டுப் புத்தகத்தின் கதை. அவளுக்கென்று தனியாகவும் ஒரு தட்டு உண்டு, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே. துணி சுற்றுகிற நேரத்தில் நின்றுகொண்டே படிப்பாள். சோப்புத்தூள் வாசனையில்லாத ஒரு புத்தகத்தைக்கூட அங்கே பார்க்க முடியாது. அதிலும் ஒரு சங்கடம். பத்துப் பக்கம் போகும், எங்கேயாவது ஒரு வாக்கியம் பளிச்சென்று வரும், உடனே மனசு, 'இது பெர்னடெட்டுக்குப் பிடிக்கும்' என்று சொல்லும். அவ்வளவுதான், அந்தப் புத்தகம் அவளுடையதாக இல்லாமல் போய்விடும். இந்த இடம் அவளுக்கு இப்போது புரியுமா, இரண்டு வருஷம் போகட்டுமா, இந்தக் காதல் விவகாரத்தை எப்படி எடுத்துக்கொள்வாள் என்று வேறு கணக்கு ஓட ஆரம்பிக்கும். தனக்காக மட்டும் கடைசியாக ஒரு புத்தகம் படித்தது எப்போது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஆனால் ஒரு ஆசை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று ரோமனிடம்கூடச் சொன்னதில்லை. இந்தப் பெண் வளர்ந்து ஒருநாள் சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளாக, காப்பி ஆறிப்போகிற வரைக்கும் அதைப் பற்றிப் பேச வேண்டும். பாடமாக இல்லை, சும்மா பேச்சாக. எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்ததும், நூலகத்திலிருந்து துணிக்கூடை நிறையப் புத்தகம் சுமந்து வந்ததும் எல்லாம் உள்ளுக்குள் அந்த ஒரு பேச்சுக்காகத்தான்.

போன குளிர்காலத்துப் புத்தகம் அவள் ரொம்ப நாள் தேடிப் பிடித்தது. ஏதோ மலைநாட்டில் பெரிய மணி ஒன்றை வார்த்து முடித்த கையோடு செத்துப்போகிறான் ஒருவன். அவன் மனைவி யொஹானா அதைத் தெப்பத்தில் ஏற்றி, ஆற்றோடு ஆறாக ஓர் ஊருக்குக் கொண்டுபோகிறாள். அந்த ஊர்க்காரர்கள் கோபுரம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பாதி வழியில் ஆறு உறைய ஆரம்பிக்கிறது. தெப்பம் பனியில் மாட்டிக்கொள்கிறது. சரியாக அங்கே ரோமனுக்குக் கப்பலிலிருந்து அழைப்பு வந்துவிட்டது, அதுவும் வழக்கத்தைவிட முன்னாலேயே.

"ஐயோ, அந்த மணி என்ன ஆகும்?" என்று சின்னவள் லாட்டி அழாத குறை. அவளுக்கு எட்டு வயது.

"அந்தத் தெப்பத்துக்கு அந்த எடை தாங்காதுடா கண்ணு," என்றான் ரோமன், பையில் காலுறைகளைத் திணித்துக்கொண்டே. "நான் முதல்லயே சொன்னேன். ஏத்தினவனுக்குக் கப்பல் வேலை தெரியாது."

"தாங்கும்! நீ பொறாமைல சொல்ற!"

அந்த வருஷம் வசந்தமும் கோடையும் நொரீன் அடிக்கடி அலமாரியைத் திறந்து புத்தகத்தைப் பார்ப்பாள். தொடமாட்டாள். நாடா தொங்குவதை மட்டும் பார்ப்பாள். ரோமன் எந்த ஏரியில் எந்த மூடுபனிக்குள் இருக்கிறானோ தெரியாது. ஆனால் நாடா வைத்த அந்தப் பக்கத்தில் இருக்கிறான். நாலு பேரும் அந்தப் பக்கத்தில்தான் சேர்ந்து நிற்கிறார்கள். யாரும் ஓர் அடி முன்னே வைக்கவில்லை, யாரும் பின்தங்கவில்லை. அவன் நினைப்பு தாங்க முடியாத நாள்களில் அது அவளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யாருக்குச் சொல்லிப் புரிய வைப்பது?

ஆகஸ்டில், தக்காளியைப் பதப்படுத்திப் புட்டியில் அடைத்துக்கொண்டிருந்தபோது, பதினைந்து வயது பெர்னடெட் தோலுரித்துக்கொண்டே பேச்செடுத்தாள்.

"அம்மா, செப்டம்பர்லேந்து நான் டவுன் ஸ்கூலுக்குப் போறேனே."

"கேக்கறியா, சொல்றியாடி?"

"கேக்கற மாதிரி சொல்றேன்."

நொரீனுக்குச் சிரிப்பு வந்தது. 

"இங்க உனக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்லாம் இல்லம்மா. இங்க நான் யார்கிட்ட எது பேசினாலும் அது லாட்டிக்குத் தெரிஞ்சுடுது."

"எனக்கு எல்லாம் தெரியும்," என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"பாத்தியா?"

ரோமன் கப்பலிலிருந்து போனில் கிடைத்தபோது நொரீன் எல்லாவற்றையும் கொட்டினாள். பின்னால் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"போகட்டும் விடேன். பிடிக்கலைன்னா திரும்பி வந்துடுவா," என்றான்.

"பிடிச்சுடுச்சுன்னா?"

 "பிடிச்சுடுச்சுன்னா... பிடிச்சிருக்குன்னு அர்த்தம்," என்றான். கப்பல்காரர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மறுநாளும் தக்காளி உரிக்கும்போது நொரீன் ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "ஜனவரில அப்பா வந்ததும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையாவது புத்தகத்துக்கு வந்து உக்காரணும். அது மட்டும் மாறக் கூடாது."

 பெர்னடெட் கையிலிருந்த தக்காளி நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டே, "உக்கார்றேம்மா," என்றாள்.

செப்டம்பர் வந்தது. மஞ்சள் பஸ் மறுபடியும் அந்த வாசலில் வந்து நின்றது. பெர்னடெட்டுக்குப் பள்ளி பிடித்துவிட்டது, பிடித்துத் தொலைத்துவிட்டது. கூடைப்பந்து அணியில் சேர்ந்தாள். யாரோ கேலப் என்றாள், யாரோ மரீஸா என்றாள். சாப்பிடும்போது பேச்சு முழுக்க நொரீனுக்குத் தெரியாத மனிதர்களைப் பற்றி இருந்தது. தன் வீட்டுக்குள்ளேயே பாதியில் வந்து சேர்ந்த விருந்தாளி மாதிரி, "கேலப்னா யாரு?" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. காலையில் மேசையில் லாட்டி மட்டும். ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்வது பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மீதி நேரத்தை என்ன செய்வது? மூத்தவளின் நாற்காலியில் நொரீன் துவைத்த துணிகளைக் குவித்துவைக்கப் பழகிக்கொண்டாள். வெறுமையாக இருப்பதற்கு அது தேவலை.

ஜனவரி, ஜனவரி என்று மனசு அடித்துக்கொண்டது. எல்லோரும் அந்தப் பக்கத்தில்தானே நிற்கிறார்கள்? பெர்னடெட்டும்தானே? எங்கே ஓடினாலும் மணி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அவள் இந்தக் கம்பளத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

ரோமன் வந்தான். தாடியோடு, டீசல் நாற்றத்தோடு, ஒரு பை நிறைய அழுக்குத் துணியோடு வந்தான். முதல் ஞாயிறு பெர்னடெட் அணியோடு வெளியூர் போயிருந்தாள். அவளுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள், புத்தகம் இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து, புகைபோட்ட இறைச்சியும் புளித்த முட்டைக்கோஸும் சாப்பிட்டு முடித்ததும் நொரீன் அலமாரியைத் திறந்தாள்.  

ரோமன் மல்லாந்து படுத்தான். லாட்டி அவன் வயிற்றில் தலை வைத்துக்கொண்டு, இதுவரை நடந்த கதையைக் குரல் மாற்றி மாற்றி நடித்துக் காட்டினாள். பெர்னடெட் சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். நாலு பேரும் இருந்தார்கள். நொரீன் படிக்க ஆரம்பித்தாள்.

தெப்பம் பனியில் சிக்கிக்கொண்டிருக்கிறது. தெப்பக்காரன் பயந்துபோயிருக்கிறான். சுற்றிலும் பனி நெரிகிறது. அடியிலிருந்த ஒரு கட்டை விண்டு தண்ணீர் ஏறுகிறது. "யொஹானா கோடரியைக் கையில் எடுத்தாள்," என்று நொரீன் படித்தாள்.

"பனிய வெட்டு! வெட்டு!" என்று லாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

நொரீன் சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கினாள். பெர்னடெட்டின் கண் நிறைந்திருந்தது.

ஏன் அழுகிறாள்? அழுகிற மாதிரி ஒன்றும் இன்னும் வரவில்லையே. நொரீன் குனிந்து அடுத்த வரியைப் படித்தாள். "பனியின் பக்கம் அவள் திரும்பவில்லை. மணியைக் கட்டியிருந்த கயிற்றின் மேல் கோடரியை இறக்கினாள்." மணி ஆற்றுக்குள் போயிற்று. லாட்டி வீறிட்டாள். ரோமன் கண்மேலிருந்த கையை எடுத்தான். நொரீன் புத்தகத்தைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ முந்திப் படிச்சிருக்க."

பெர்னடெட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுக்கவில்லை.

"துரோகி!" என்று கத்தினாள் லாட்டி. "அப்பா, இவ முந்திப் படிச்சுட்டா!"

"எங்க கப்பல்ல இந்த மாதிரி ஆள ஏரில தள்ளிடுவோம்," என்று ரோமன் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தான்.

நொரீன் காதில் எதுவும் விழவில்லை. "எப்ப படிச்ச?"

"மே மாசம்."

"மே மாசமா? அப்பா போய் ரெண்டு மாசம்கூட ஆகலையே! மார்ச்லேந்து இந்தப் புத்தகத்துக்காக நான்... இன்னிக்கு இங்க உக்காந்து தெரியாத மாதிரி நடிச்சியா?"

"நீ உக்காரணும்னு சொன்ன. உக்காந்தேன்," என்று சொல்லிவிட்டு பெர்னடெட் மாடிக்குப் போய்விட்டாள்.

நொரீன் புத்தகத்தை மூடினாள். லாட்டி இப்போது மணிக்காக அழுவதா அக்காவைத் திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருந்தாள். நொரீனும் கிட்டத்தட்ட அதே நிலைமையில்தான் இருந்தாள். எத்தனை மாதம் அந்த நாடாவைப் பார்த்துப் பார்த்து, எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்! மே மாதமே ஒருத்தி கிளம்பிப் போயாகிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவளும் மாடி ஏறினாள். பெர்னடெட் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"பாக்கித் திட்டையும் திட்டறதுக்கு வந்தியா?"

"ஆமா," என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள் நொரீன். ஆனால் திட்டு வரவில்லை. "அப்படி என்னடி அவசரம்?"

பெர்னடெட் சுவரைப் பார்த்தே பேசினாள். "அடுத்த குளிர்காலத்துல நான் இப்படி வந்து உக்காந்து கேப்பேனான்னு தோணிச்சு. பாதில விட்டுட்டுப் போறதுக்குப் பிடிக்கல."

"அப்பவே ஸ்கூலுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டியா? ஆகஸ்ட்லதானே கேட்ட?"

"உன்கிட்ட கேக்கறதுக்குத் தைரியம் வர அவ்வளவு நாள் ஆச்சு."

நொரீன் போர்வை ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு பயங்கரமானவளா நான் என்று கேட்க நினைத்தாள். பதில் தெரிந்திருந்ததால் கேட்கவில்லை.

"முடிச்ச அன்னிக்கு நேரா உன்கிட்டதாம்மா ஓடி வந்தேன்," என்றாள் பெர்னடெட். இப்போது திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "நீ பின்னாடி துணி காயப்போட்டுட்டிருந்த. அந்த மணியப் பத்தி ஒண்ணு சொல்லணும்மான்னு ஆரம்பிச்சேன். நீ ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, லா லா லான்னு பாட ஆரம்பிச்சுட்ட."

நொரீனுக்கு அந்த நாள் நன்றாகவே ஞாபகம் இருந்தது. வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு, சட்டைகளுக்கு நடுவே ஆடினாள். எவ்வளவு வேடிக்கையான அம்மா நான் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். அன்றைக்கு ரோமனிடம் போனில் அதைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"அப்புறம் இன்னொரு தடவையும் கேட்டேன். நீயும் படியேம்மா, நாம ரெண்டு பேர் மட்டும், யாருக்கும் சொல்ல வேண்டாம்னேன். சட்டம்னா சட்டம்தாண்டின்னுட்ட."

"விளையாட்டுக்குக் கேக்கறேன்னு நெனச்சேன்."

"விளையாட்டுக்கும்தான் கேட்டேன்."

"ஸ்கூல்ல யார்கிட்டயாவது பேசியிருக்கலாமே. அந்த மரீஸா..."

"அந்தப் புத்தகத்த யாரும்மா படிச்சிருக்கா?" பெர்னடெட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னத் தவிர ஊர்ல எவ அந்த மாதிரியெல்லாம் தேடிப் பிடிச்சுட்டு வருவா? உன்கிட்டதான் பேச முடியும். நீதான் படிக்கமாட்டேன்னு நின்ன."

நொரீன் எழுந்து கீழே வந்துவிட்டாள். அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. பதினைந்து வருஷம் ஒரு பேச்சுக்காகக் காத்திருந்தாள். அது தானாகத் துணிக்கொடி வரைக்கும் ஓடிவந்தபோது, காதைப் பொத்திக்கொண்டு பாட்டுப் பாடியிருக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ரோமன் தொட்டியில் இரும்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ரோமன், நான் முந்திப் படிக்கப்போறேன்."

"என்கிட்ட எதுக்குக் கேக்கற? சட்டம் போட்டதே நீதானே."

"உனக்கு வருத்தமா இருக்காதா?"

இல்லை என்று சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தாள். அவன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு யோசித்தான்.

"இருக்கும்," என்றான். "கண்ண மூடிட்டு உன் குரலத்தான் கேட்டுட்டிருப்பேன். என்ன வரப்போகுதுன்னு உனக்கும் தெரியாதுல்ல, அது குரல்ல தெரியும். எனக்குப் பயமா இருக்கற எடத்துல உனக்கும் பயமா இருக்கும். இனிமே அது இருக்காது."

நொரீன் அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவன் ஈரக் கையால் அவள் கையைத் தட்டிக்கொடுத்தான்.

"பரவால்ல, படி," என்றான். "அவகிட்ட போ. நான் மார்ச் வரைக்கும் இங்கதானே இருக்கப்போறேன்."

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் லாட்டியை அப்பாவோடு ஏரிப் பனியில் மீன் பிடிக்க அனுப்பிவிட்டு, நொரீன் காரில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பெர்னடெட்டின் பயிற்சி முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது. விளையாட்டுக்கூடத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தி, வெப்பத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, புத்தகத்தைத் திறந்தாள். திறந்துவிட்டுத் திருடி மாதிரி ஒரு தடவை சுற்றிலும் பார்த்தாள். பனி தள்ளும் வண்டியைத் தவிர யாரும் இல்லை.

வாய்விட்டுப் படிக்காமல் அந்தப் புத்தகத்தைப் படிப்பது முதலில் என்னவோபோல் இருந்தது. உதடு தானாக அசைந்தது. ஓர் இடத்தில் யொஹானா தெப்பக்காரனைக் காய்ச்சுகிறாள். இங்கே ரோமன் மூக்கால் சிரித்திருப்பான் என்று நினைத்து, தரையில் அவனைத் தேடுகிற மாதிரி கண் தாழ்ந்தது. கியர் கம்பிதான் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல எல்லோரும் விலகிப் போனார்கள். யாருக்கு இது புரியுமா, யாருக்கு எது பிடிக்கும் என்ற கணக்கெல்லாம் நின்றுபோயிற்று. வெறும் கையோடு யொஹானா அந்த ஊருக்குப் போய்ச் சேர்கிறாள். மணி வரவில்லை, வராது என்று சொல்கிறாள். ஊரார் அவளை அடிக்கவில்லை. கோபுரத்தையும் இடிக்கவில்லை. மணியில்லாத அந்தக் கோபுரத்தடியில் ஞாயிறு தவறாமல், அது அடித்திருக்க வேண்டிய நேரத்துக்கு வந்து நின்றுவிட்டுப் போகிறார்கள். வருஷக்கணக்காக. அவளும் அவர்களோடு நிற்கிறாள்.

கடைசிப் பக்கத்தை மூடியபோது கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்து வெளியே எதுவும் தெரியவில்லை. நொரீன் மூக்கைச் சிந்திக்கொண்டாள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தது. அப்படி ஒரு தவிப்பு. தொண்டை வரைக்கும் வார்த்தை வந்து நிற்கிறது, கேட்க ஆள் இல்லை. மே மாதம் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கதவைத் திறந்துகொண்டு பெர்னடெட் ஏறினாள். தலைமுடி நனைந்து, முனையெல்லாம் பனி பிடித்திருந்தது. அம்மாவின் மடியில் புத்தகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

"முடிச்சுட்டியா?"

"முடிச்சுட்டேன்."

"முழுசா?"

"முழுசா." நொரீன் குரலைச் சரிசெய்துகொண்டாள். "அந்தக் கோபுரம்..."

"ம்," என்றாள் பெர்னடெட்.

 நொரீன் காத்திருந்தாள். பெர்னடெட் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"உன்கிட்ட சொல்றதுக்கு எவ்வளவோ வெச்சிருந்தேம்மா. அப்பல்லாம் கோழிக்குத் தீனி போடறப்ப, நடக்கறப்ப, மனசுக்குள்ளயே உன்கிட்ட பேசிட்டிருப்பேன். நீ என்ன பதில் சொல்லுவன்னுகூட நானே சொல்லிப் பாப்பேன்." அவள் தோளைக் குலுக்கினாள். "இப்ப யோசிச்சா பாதிக்கு மேல மறந்துபோச்சு."

 அந்தப் பாதியை இனி எங்கே போய்த் தேடினாலும் கிடைக்காது. அழுதால் பெண் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று நொரீன் அடக்கிக்கொண்டாள். புத்தகத்தைப் பின்சீட்டில் போட்டாள். வீட்டில் ரோமனும் லாட்டியும் குளிரில் விறைத்துப்போய், பசியோடு திரும்பியிருப்பார்கள். காத்திருக்கட்டும்.

"ஞாபகம் இருக்கறதச் சொல்லு," என்றாள்.